பாம்பன் உப்புக்காற்றில் ஏழு வருடச் சவரம்

என் முதல் சேஃப்டி ரேசர் 14 மாதத்தில் செத்துப்போனது. தலைப்பகுதியில் குரோம் பூச்சு கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. மரை இருக்கும் இடத்தில் வெள்ளைப் பொடி கட்டியது. ஒருநாள் பிடியைத் திருகும்போது மரைத்தண்டு முறிந்து கையோடு வந்துவிட்டது. பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கம் மண்டபம் ஊரில் படகு இன்ஜின் வேலை பார்க்கிற எனக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும். விலை குறைந்த ரேசர்கள் பெரும்பாலும் துத்தநாகக் கலவையில் வார்த்து மேலே குரோம் பூசியவை. இரும்புப் படகின் அடியில் நாங்களே துத்தநாகக் கட்டையைப் பூட்டுகிறோம், உப்பு முதலில் அதைத் தின்னட்டும், படகையும் புரொப்பல்லரையும் விட்டுவிடட்டும் என்று. அதே துத்தநாகத்தைக் குளியலறையில், கடலைப் பார்த்த ஜன்னலோரம் வைத்துவிட்டு, ஏன் அரித்தது என்று கேட்டால் பட்டறையில் சிரிக்க மாட்டார்களா? சிரித்தார்கள்.

அடுத்து வாங்கியது 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரேசர். முதல் ரேசரைப் போல ஆறு மடங்கு விலை. வீட்டில் சொல்லும்போது பாதியைத்தான் சொன்னேன். 316-இல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ந்திருக்கும். உப்பு இந்த உலோகத்தைப் புள்ளி புள்ளியாகத் துளைப்பதை அது பெருமளவு தடுக்கும், அதனால்தான் கடல் சாமான்களுக்கு இந்த ரகத்தைக் கேட்டு வாங்குவோம். ஆறு வருடம் ஆகப் போகிறது, ஒரு புள்ளி இல்லை. பித்தளையில் கடைந்த ரேசரும் நம் ஊருக்குச் சரிப்படும், பூச்சு போனாலும் உள்ளே இருப்பது உதிராது. கரையோரம் இருப்பவர்கள் ரேசர் வாங்கினால் எடை, அழகு எல்லாவற்றுக்கும் முன்னால் என்ன உலோகம் என்று கேளுங்கள்.

ஒற்றை பிளேடு போடும் சேஃப்டி ரேசருக்கு நான் வந்ததே கழுத்தால்தான். மூன்று பிளேடு, ஐந்து பிளேடு கார்ட்ரிட்ஜ் போட்டு வழித்த காலத்தில் தாடைக்குக் கீழே எப்போதும் சிவந்த பருக்கள். எனக்குச் சுருள் முடி. முதல் பிளேடு முடியை இழுத்துக்கொடுக்க, அடுத்தது தோல் மட்டத்துக்கும் கீழே வெட்டிவிடுகிறது, அந்த முடி வளைந்து தோலுக்குள்ளேயே வளர்கிறது. அதன் மேல் வியர்வை, உப்புக்காற்று, டீசல் கை. ஒற்றை பிளேடுக்கு மாறி இரண்டே மாதத்தில் முக்கால்வாசி அடங்கிவிட்டது. எல்லாருக்கும் அடங்கும் என்று சொல்ல மாட்டேன், என் கழுத்துக்கு அடங்கியது.

பிளேடு விஷயத்தில் நாம் கொடுத்துவைத்தவர்கள். செவன் ஓ கிளாக் இங்கே பெட்டிக்கடையிலேயே கிடைக்கும், ஐந்து பிளேடு அட்டை டீ, வடைச் செலவோடு முடிந்துவிடும். ஆஸ்ட்ரா, ஜப்பானின் ஃபெதர் எல்லாம் தபாலில் வரவழைத்துப் பார்த்தேன். ஃபெதர் கூர்மைக்குப் பெயர்போனது. கை பழகாமல் அதைத் தொட்டது என் தவறு, மேலுதட்டில் இன்னும் கோடு இருக்கிறது. கடைசியில் பெட்டிக்கடைக்கே திரும்பிவிட்டேன். கிங் கேம்ப் ஜில்லெட் தகட்டு பிளேடை விற்கத் தொடங்கிய 1903-இல் மொத்தம் விற்றது 51 ரேசர், 168 பிளேடு. தீட்ட வேண்டாம், மழுங்கினால் போட்டுவிடலாம் என்பதுதான் அவர் விற்ற சங்கதி. ஆனால் அந்தக் கால பிளேடு துருப்பிடிக்கும் இரும்பு. துருப்பிடிக்காத பிளேடு 1960-களின் தொடக்கத்தில்தான் பரவியது. அதற்கு முன் இந்தக் கரையில் ஒரு பிளேடு எத்தனை நாள் தாங்கியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கண்ணாடி டம்ளரின் உட்புறம் பழைய பிளேடைத் தேய்த்துத் தேய்த்து ஓட்டிய பெரியவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

சரி, தண்ணீருக்கு வருகிறேன். இந்த ஏழு வருடத்தில் நான் கற்றதில் பாதிக்கு மேல் தண்ணீரைப் பற்றித்தான்.

முதல் எட்டு மாதம் எனக்கு நுரையே வரவில்லை. சவரச் சோப்பைப் பிரஷ்ஷால் எவ்வளவு சுழற்றினாலும் திரிந்த பால் மாதிரி திப்பி திப்பியாக வந்தது, முகத்தில் தடவிய ஒரு நிமிடத்தில் காய்ந்துபோனது. சோப்பை மாற்றினேன், பிரஷ்ஷை மாற்றினேன், காசு போனதுதான் மிச்சம். ஐப்பசியில் ஒருநாள் விடிய விடிய மழை, கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை. மொட்டை மாடியிலிருந்து விழுந்த தண்ணீரை வாளியில் பிடித்து வைத்திருந்தாள் வீட்டுக்காரி. அதில் ஒரு சொம்பு எடுத்துப் பிரஷ்ஷை நனைத்தேன். அதே பழைய சோப்பு, அதே பிரஷ். தயிர்க்கட்டி போல நுரை எழும்பிக் கிண்ணத்தை விட்டு வழிந்தது. அன்றைக்குத்தான் ரேசர் கன்னத்தில் சத்தமில்லாமல் போனது. எட்டு மாதமாகப் போர்த் தண்ணீரோடு மல்லுக்கட்டியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

பாம்பன் தீவு முழுக்கப் பவளப்பாறையும் மணலும். நிலத்தடித் தண்ணீரில் சுண்ணாம்பும் உண்டு, உப்பும் உண்டு. சுண்ணாம்பு சோப்போடு சேர்ந்தால் நுரைக்குப் பதிலாகக் கரையாத திப்பி. உப்பு இன்னொரு வேலை செய்கிறது. சோப்புக் காய்ச்சுகிறவர்கள் சோப்பைத் தண்ணீரிலிருந்து பிரிக்கவே உப்புப் போடுவார்கள், நம் வாளியில் அது தானாகவே நடக்கிறது. கொதிக்க வைத்துப் பார்த்தேன். பாத்திரத்தில் வெள்ளை படிந்து சுண்ணாம்பு கொஞ்சம் குறைந்தது, உப்பு போகவில்லை. அப்புறம் ஒரு விளையாட்டுக்கு வடகடலிலிருந்து ஒரு வாளிக் கடல்நீரையே கொண்டுவந்தேன். லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. சவரச் சோப்பு, கிரீம் இரண்டும் கைவிட்டன. சுத்தத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சிய குளியல் சோப்பு மட்டும் மெல்லிய நுரை கொடுத்தது. தேங்காய் எண்ணெய்ச் சோப்பு உப்புத் தண்ணீரிலும் ஓரளவு கரையும், கப்பல்காரர்கள் அதைத்தான் தேடி வாங்குவார்களாம். வழித்து முடித்ததும் முகம் கருவாடு மாதிரி இழுத்துக்கொண்டது. யாரும் முயல வேண்டாம்.

இப்போது நுரைக்கு அரை டம்ளர், ரேசர் அலச ஒரு சொம்பு, இரண்டும் காவிரிக் குடிநீர். முகம் கழுவுவதெல்லாம் போர்த் தண்ணீர்தான். "குடிக்கிற தண்ணியில மூஞ்சி வழிக்கிறீகளா, நல்லா இருக்கு" என்று வீட்டுக்காரி முதல் மாதம் சொன்னாள். குடத்துக்காகத் தெருக்குழாயில் நிற்பது அவள், அவள் சொல்வதில் தப்பில்லை. அதனால் குடிநீர் பிடிக்கும் நாளில் ஒரு குடம் நான் தூக்குவது என்று ஒப்பந்தம். மழைக்காலத்தில் இரண்டு கேன் மழைத்தண்ணீரை மூடி வைத்துக்கொள்கிறேன், தை வரைக்கும் ஓடும்.

தண்ணீர் மாறியதும் பிளேடின் ஆயுளும் கூடியது. போர்த் தண்ணீரில் அலசி அப்படியே வைத்த நாளில் மூன்றாவது சவரத்திலேயே இழுக்கும். இப்போது ஐந்து தாங்குகிறது. முடித்ததும் ரேசரைக் கழற்றி, நல்ல தண்ணீரில் அலசி, உதறிக் காயவைக்கிறேன். பிளேடின் கூர்முனையைத் துணியால் துடைப்பதில்லை. பழைய பிளேடைக் குப்பையில் போடாதீர்கள். பால்பவுடர் டப்பாவின் மூடியில் கீறல் போட்டு உண்டியல் மாதிரி வைத்திருக்கிறேன், ஏழு வருடத்தில் ஒன்றுகூட நிறையவில்லை. குப்பை அள்ளுகிறவர்கள் கைதானே முதலில் உள்ளே போகிறது.

இனி தாத்தாவின் கத்தி. தாத்தா கொழும்பில் புறக்கோட்டையில் ஒரு மளிகைக் கடையில் இருந்தவர். தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் என்று போட் மெயிலில் போய்வந்த காலம். 1964 டிசம்பர் புயலுக்கு முன்பே ஊரோடு வந்துவிட்டார். டிரங்குப் பெட்டியில் நல்லெண்ணெய் தோய்ந்த துணிக்குள் அந்த மடக்குக் கத்தி இருந்தது. எண்ணெய் பிசினாக உறைந்து துணி கத்தியோடு ஒட்டியிருந்தது. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுப் பிரித்தால் அடிப்பகுதியில் சோலிங்கன் என்று கத்திக்குப் பெயர்போன ஜெர்மனி ஊரின் பெயர் பொறித்த எழுத்து, முதுகுப் பக்கம் நாலைந்து துருக்குழி, கூருக்குப் பக்கத்தில் ஒன்றுமில்லை.

கடைத்தெருவில் சலூன் வைத்திருக்கும் அண்ணனிடம் எடுத்துப் போனேன். அவர் இப்போது பிளேடைப் பாதியாக உடைத்துச் செருகும் கத்திதான் வைத்திருக்கிறார், ஆளுக்கு ஒரு புது பிளேடு. எச்ஐவி பயம் வந்த நாளிலிருந்து ஊரெல்லாம் அப்படித்தான். ஆனால் அவர் அப்பா காலத்துத் தீட்டுக்கல்லும் தோல்வாரும் அலமாரி மேலேயே இருந்தன. கத்தியைக் கையில் வாங்கியதும் முகமே மாறிவிட்டது. அன்று மதியம் கடையைப் பாதி சாத்திவிட்டு எனக்குப் பாடம் எடுத்தார். கல்லில் முதுகும் கூரும் இரண்டும் சேர்ந்து படிய வேண்டும். கத்தியின் அகலத்துக்குத் தக்கபடி முதுகைத் தடிமனாக வைத்தே செய்திருக்கிறார்கள், அதனால் கோணம் தானே அமையும், நாம் தூக்கிப் பிடித்துக் கெடுக்காமல் இருந்தால் போதும். கல்லில் கூர் முன்னே போகும், தோல்வாரில் முதுகு முன்னே போகும். இதை மாற்றிச் செய்து முதல் வாரமே ஒரு வாரை நடுவில் கீறினேன். முகத்தில் வைக்கும்போது ஏறக்குறைய 30 டிகிரிச் சாய்வு. "தம்பி, அழுத்தாதீக. கன்னத்துல ஈ உக்காந்தா எப்பிடி இருக்கும், அம்புட்டுத்தான் கனம்" என்றார்.

கன்னம் இரண்டு வாரத்தில் வந்தது, தாடை முனை நான்கு மாதம் எடுத்தது, இடது கழுத்துச் சுழி இன்றைக்கும் வரவில்லை. அங்கே சேஃப்டி ரேசரைத்தான் எடுக்கிறேன், இதில் என்ன வெட்கம்.

கத்தியின் எதிரி என் கை அல்ல, காற்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எல்லாம் கரையில், எங்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு வந்து வழித்துவிட்டுக் கத்தியைத் துடைத்தேன், எண்ணெய் போடவில்லை, படுத்துவிட்டேன். காலையில் கூர் நெடுக ஆரஞ்சுப் புள்ளி. கண்ணுக்குத் தெரிவது அவ்வளவுதான், ஆனால் கூரின் நுனி அவ்வளவு மெல்லியது, புள்ளி தெரியும் முன்பே பல் பல்லாகப் போயிருக்கும். மறுபடி 1000 எண் சொரசொரப்புக் கல்லிலிருந்து தொடங்கி 8000 எண் வழவழப்புக் கல் வரை ஏற வேண்டியதாயிற்று, ஒரு ஞாயிறு போனது. தேங்காய் எண்ணெய் போட்டு வைத்தால் சிக்கு வாடை அடிக்கிறது, நல்லெண்ணெய் பிசின் கட்டுகிறது. தையல் மெஷின் எண்ணெய்தான் சரி. துடைத்து, எண்ணெய் தடவி, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட எவர்சில்வர் டப்பாவில், குளியலறைக்கு வெளியே.

கத்தியில் வழித்தால் முகம் கூடுதலாக மழமழவென்று இருக்குமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. வீட்டுக்காரியைக் கண்ணை மூடித் தொட்டுச் சொல்லச் சொன்னேன். சேஃப்டி ரேசர் வழித்த கன்னத்தைத்தான் நல்லது என்றாள். கத்தியில் 25 நிமிடம், ரேசரில் 10. தாத்தா பிடித்த கைப்பிடி என்பதைத் தவிர வேறு நியாயம் என்னிடம் இல்லை.

சில்லறை விஷயங்கள். விலங்கு முடிப் பிரஷ் இந்த ஈரக்காற்றில் காயாமல் நாறியது, செயற்கை இழைப் பிரஷ்தான் நிற்கிறது. முடி வளரும் திசையில் ஒரு முறை, குறுக்கே ஒரு முறை, அதோடு நிறுத்திவிடுவேன். எதிர்த்திசையில் போனால் கழுத்துப் பருக்கள் திரும்பி வருகின்றன. கடைசியில் படிகாரம், ஊருணித் தண்ணீர் தெளியப் போடுவார்களே அதேதான். ஈர முகத்தில் தேய்த்தால் எங்கெங்கே அழுத்தினேன் என்று எரிந்து காட்டிக்கொடுத்துவிடும். வாசனைத் திரவம் எதுவும் வாங்குவதில்லை.

சவர நேரத்தையும் மாற்றிக்கொண்டேன். கச்சான் என்று நாங்கள் சொல்லும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் காலையில் வழித்துவிட்டுப் பாலத்துப் பக்கம் வண்டியில் போனால் மணலும் உப்பும் முகத்தில் ஊசியாகக் குத்தும். அதனால் ராத்திரிதான். இந்த வருடக் கச்சான் போன வாரம் பிடித்துவிட்டது. கத்திக்கு எண்ணெய் போட்டு டப்பாவை மூடியாகிவிட்டது, இனி ஐப்பசி மழை விழுந்த பிறகுதான் திறப்பேன்.