ஆறு ஆண்டுகள், ஒரே சைக்கிள்: பிரேக் கேபிள் மாற்றியதில் தெரிந்துகொண்டவை

வி-பிரேக் (ரிம்மின் இரு பக்கமும் கட்டைகளை அழுத்தும் இரண்டு கைகள் கொண்ட பிரேக்) உள்ள ஒரே சைக்கிளைத்தான் ஆறு ஆண்டுகளாக அன்றாடம் ஓட்டுகிறேன். டயர் தேய்ந்தால் தெரியும், பிரேக் கட்டை தேய்ந்தால் தெரியும். கேபிள் மட்டும் உறைக்குள்ளேயே கெட்டுப்போகிறது. இந்த ஆறு ஆண்டுகளில் என்னை அதிகம் அலைக்கழித்தது அதுதான்.

முதலில் பின் பிரேக் மக்கர் செய்தது. அழுத்தினால் பிடித்தது; விட்டால் கட்டைகள் ரிம்மிலிருந்து விலகத் தயங்கின. ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று எண்ணி அதன் திருகை முறுக்கினேன். இரண்டு வாரம் சரியாக ஓடியது. பிறகு அதே தயக்கம், கூடவே லிவரும் கடினமாகிவிட்டது. அடுத்து உள்கம்பியை மட்டும் புதிதாகப் போட்டேன். அதுவும் ஒரு மாதத்துக்குமேல் தாங்கவில்லை. கடைசியில் உறையையும் கழற்றி, தாழ்ந்து வளையும் இடத்தில் நீளவாக்கில் கீறிப் பார்த்தேன். உள்ளிருந்த பிளாஸ்டிக் குழல் ஒரு பக்கம் முழுக்கத் தேய்ந்திருந்தது. அந்த இடத்தில் செம்பழுப்பாகத் துருப்பொடி. மழைநீர் அங்கேதான் தேங்கியிருக்கிறது. புதுக் கம்பியை அந்தத் துருவுக்குள் நுழைத்துவிட்டு நல்ல பிரேக்கை எதிர்பார்த்திருக்கிறேன்.

உறைக்குள் கம்பி ஓடும் இந்தக் கேபிள், 1896-இல் எர்னஸ்ட் பௌடன் காப்புரிமை பெற்ற அமைப்பு. கம்பி எவ்வளவு விசையோடு இழுக்கப்படுகிறதோ, அதே விசையில் உறை நெருக்கப்படுகிறது. ஆகவே பிரேக்கில் பாதி வேலை உறையுடையது. அன்றிலிருந்து கம்பியையும் உறையையும் சேர்த்தே மாற்றுகிறேன்.

கோளாறு கேபிளில்தானா என்று அறிய ஒரு சோதனை போதும். சக்கரத்தருகே உள்ள வளைந்த உலோகக் குழாயைப் பிரேக் கையிலிருந்து விடுவித்துவிட்டு, பிரேக்கின் இரு கைகளையும் விரலால் அசைத்துப் பாருங்கள். அவை துள்ளித் திரும்பினால் பிரேக்கில் குறையில்லை. பிறகு கம்பியை முன்னும் பின்னும் இழுங்கள். மணல் அரைபடுவதுபோல் உணர்ந்தால் குற்றவாளி கேபிள்தான். அந்த வளைந்த குழாயையும் மறக்க வேண்டாம். அழுக்கு அதற்குள் விரும்பித் தங்கும்.

வாங்கும்போது தவறக் கூடாதது உறையின் வகை. பிரேக் உறை பொதுவாக 5 மில்லிமீட்டர் தடிமன். உள்ளே எஃகுப்பட்டை சுருளாகச் சுற்றியிருக்கும். கியர் உறையில் எஃகு இழைகள் நீளவாக்கில் ஓடும்; பிரேக்கின் அழுத்தத்தில் அது வெடித்துப் பிளக்கலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். கம்பியின் தலையும் பொருந்த வேண்டும்: நேரான ஹேண்டில்பார் லிவர்களுக்கு உருளைத் தலை, வளைந்த பந்தயக் கைப்பிடிகளுக்குப் பேரிக்காய் வடிவத் தலை. நாகம் பூசிய கம்பி என் கையில் ஒரே மழைக்காலத்தில் நிறம் மாறியது. துருப்பிடிக்காத எஃகுக் கம்பி இரண்டாண்டுக்குப் பிறகும் பளிச்சென்று இருந்தது.

நான் அதிகம் சிரமப்பட்டது வெட்டுவதில்தான். சாதாரணக் கட்டிங் பிளேயரால் வெட்டினால் கம்பியின் இழைகள் பிரிந்து துடைப்பம்போல் விரிகின்றன. பிறகு எந்தத் துளையிலும் நுழையாது. கேபிள் வெட்டவென்றே இருக்கும் கத்தரி ஒன்றை வாங்கினேன். இந்த வேலைக்காக நான் வாங்கியவற்றில் அதுபோல் பயன்பட்டது வேறில்லை. உறையை வெட்டும்போது பழைய கம்பியின் துண்டு ஒன்றை உள்ளே விட்டுக்கொள்வேன். குழல் நசுங்காமல் இருக்கும். வெட்டிய முனையை அரத்தால் சமமாகத் தேய்த்து, கூரான ஊசியால் வாயைத் திறந்துவிடுவேன். முனை கோணலாக இருந்தால், உறையின் நுனியில் மாட்டும் மூடிக்குள் சரியாக அமராது. லிவர் பஞ்சை அழுத்துவதுபோல் இருக்கும். தொடக்கத்தில் இதைத் தவிர்த்தேன், பலனையும் அனுபவித்தேன்.

நீளத்துக்குப் பழைய உறையே அளவு. இருந்தாலும் ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்த்த பிறகே வெட்டுகிறேன். குறைந்தால் திருப்பும்போது பிரேக் தானாகப் பிடிக்கும். கூடினால் வளைவுகள் கூடி உராய்வும் கூடும்.

பொருத்தியதும் லிவரைப் பத்துப் பதினைந்து முறை பலமாக அழுத்த வேண்டும். உடனே கொஞ்சம் தளரும். கம்பி நீண்டுவிட்டது என்பார்கள்; பெரும்பாலும் உறை முனைகள் மூடிகளுக்குள் அமர்வதுதான் அது. கம்பியை மீண்டும் இழுத்து, அதைப் பிடித்திருக்கும் போல்ட்டை முறுக்கினால் போதும். லிவரை ஒட்டிய திருகை முன்னதாகவே ஒன்றிரண்டு சுற்று வெளியே வைத்தால் பின்னர் நுணுக்கமாகச் சரிசெய்யலாம். கட்டைக்கும் ரிம்முக்கும் இடையே பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டர் விடுகிறேன்.

கிரீஸ் தடவியதும் ஒரு காலத்தில் நான் செய்த தவறு. குழல் உள்ள உறையில் அது தூசியைச் சேர்த்துக் களியாக்கிவிடுகிறது. இப்போது மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு, அதோடு சரி.

கம்பி அறுவது பெரும்பாலும் லிவருக்குள், தலைக்கு அருகில். ஒரு முறை முன் பிரேக்கில் லிவரை முழுதாக அழுத்தி, டார்ச் அடித்துப் பார்த்தபோது மூன்று இழைகள் அறுந்து நின்றன. ஓட்டும்போது எந்த வேறுபாடும் தெரிந்திருக்கவில்லை. வண்டியை நிறுத்தும் விசையில் பெரும்பங்கு முன் பிரேக்கினுடையது; சரிவில் மீதி இழைகளும் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நடுங்குகிறது. இப்போது ஒரே ஓர் இழை பிரிந்திருந்தாலும் கம்பியைக் கழற்றிவிடுகிறேன்.

என் ஓட்டத்துக்குப் பின் கேபிள் ஒன்றரை ஆண்டு வருகிறது. முன் கேபிள் குட்டையானது, வளைவும் குறைவு. இரண்டரை ஆண்டு தாங்குகிறது. இப்போதுள்ள பின் கேபிளுக்குப் பதினான்கு மாதம். சென்ற வாரம் விடுவித்து இழுத்துப் பார்த்தேன்; இரண்டு விரலுக்கு வழுக்கிக்கொண்டு வந்தது.