பிரீமியம் ஏறுகிறது: பாலிசியை விடலாமா, பிரிக்கலாமா?

பெற்றோரின் மருத்துவக் காப்பீட்டைப் புதுப்பிக்கச் சொல்லி நோட்டீஸ் வந்ததும், ‘இந்தப் பணத்தை பேங்கிலேயே போட்டு வைக்கலாமே’ என்றுதான் பலருக்கும் தோன்றும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிகளுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி இல்லை. நல்லது, ஆனால் அது ஒருமுறை கிடைத்த குறைப்பு. 60 வயதைத் தாண்டியவர்களுக்கு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் பிரீமியத்தை ஏற்ற, கம்பெனிகள் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயைக் கலந்தாலோசிக்க வேண்டும். பத்துப் பத்தாக ஏறினாலும் எட்டு ஆண்டில் இரட்டிப்புதான்.

சரி, பேங்கில் போடுவோம். ஆண்டுக்கு 40,000 ரூபாய் என்றால் ஐந்து ஆண்டில் 2 லட்சமும் கொஞ்சம் வட்டியும். இரண்டாம் ஆண்டிலேயே பைபாஸ் செய்யச் சொன்னால் என்ன செய்வது? பாலிசிக்குத் துணையாகச் சேமிக்கலாம், பதிலாக அல்ல.

தமிழ்நாட்டில் குடும்ப ஆண்டு வருமானம் 1.2 லட்சத்துக்குள் இருந்தால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டையை முதலில் வாங்குங்கள். 5 லட்சம் வரை கவர், பிரீமியம் கிடையாது. 70 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு வருமானமே பார்க்காமல் 5 லட்சம் தரும் ஆயுஷ்மான் அட்டையை மத்திய அரசு 2024 அக்டோபரில் கொண்டுவந்தது. தனியார் பாலிசி இருப்பவர்களும் சேரலாம். இரண்டிலும், நீங்கள் நினைக்கும் மருத்துவமனை பட்டியலில் இருக்கிறதா என்று முன்பே விசாரிப்பது அவசியம்.

நடுத்தரக் குடும்பத்துக்கு என் ஓட்டு சூப்பர் டாப்-அப்புக்கு. அதாவது, ஆண்டுச் செலவு ஒரு வரம்பைத் தாண்டினால், தாண்டிய தொகையை மட்டும் தரும் கூடுதல் பாலிசி. 15 லட்சத்துக்கு ஒரே பாலிசி எடுப்பதைவிட, 5 லட்சம் அடிப்படை பாலிசி, அதற்கு மேல் 10 லட்சம் சூப்பர் டாப்-அப் என்று பிரித்தால் பெரும்பாலும் மலிவு. வெறும் டாப்-அப்பை வாங்கிவிடாதீர்கள். தாண்ட வேண்டிய வரம்பு 5 லட்சம்; ஒரே ஆண்டில் இரண்டு முறை அட்மிட், தலா 4 லட்சம் பில் என்று வையுங்கள். டாப்-அப் ஒவ்வொரு பில்லையும் தனியாகப் பார்ப்பதால் ஒன்றும் தராது. சூப்பர் டாப்-அப் ஆண்டுச் செலவைக் கூட்டிப் பார்ப்பதால், 5 லட்சம் போக 3 லட்சத்தைத் தரும்.

ஆனால் அவசரப்பட்டு அடிப்படை பாலிசியைக் குறைக்க வேண்டாம். புது சூப்பர் டாப்-அப்பில் சர்க்கரை, பிரஷர் போன்ற பழைய நோய்களுக்கு மூன்று ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருக்கும். அது முடிந்தபிறகு குறைத்துக்கொள்ளலாம்.

பாலிசியை வேறு காப்பீட்டுக் கம்பெனிக்கு மாற்றுவதும் ஒரு வழி. ஏற்கெனவே காத்திருந்த காலம் கணக்கில் வரும். ஆனால் புதுக் கம்பெனி மறுக்கலாம். புதுப்பிப்புத் தேதிக்கு 45 நாளாவது முன்பே விண்ணப்பித்துவிட்டு, பதில் வரும்வரை பழைய பாலிசியைக் கைவிடாமல் இருங்கள்.