இரத்தக்கட்டியை எடுத்த பிறகு சி.டி.யா, எம்.ஆர்.ஐ.யா?

பக்கவாதம் கண்டவரின் தொடைத் தமனி வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி மூளைத் தமனியை அடைத்த இரத்தக்கட்டியை எடுக்கும் சிகிச்சை, 2015-இல் வெளியான எம்.ஆர். கிளீன் முதலிய ஐந்து ஆய்வுகளால் நிலைபெற்றது. அடைப்பு நீங்கினாலும், அதற்குள் எவ்வளவு திசு இறந்துவிட்டது என்பது தனிக் கேள்வி; அதை அறியச் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கிறோம்.

சி.டி. சில நிமிடங்களில் முடியும். வென்டிலேட்டரில் இருப்பவருக்கும் எளிது. இரத்தக்கசிவு உண்டா என்பதே அதனிடம் நாம் முதலில் கேட்பது. ஆனால் சிகிச்சையின்போது இரத்தக்குழாய்கள் படத்தில் தெரிவதற்காகச் செலுத்திய அயோடின் சாயம் சேதமுற்ற திசுவில் கசிந்து, படத்தில் இரத்தத்தைப் போலவே வெள்ளையாகத் தெரியும். சாயமானால் பெரும்பாலும் ஓரிரு நாளில் மங்கிவிடும், இரத்தமானால் நிற்கும். இரத்த உறைவைத் தடுக்கும் மருந்தைத் தொடங்கலாமா என்ற முடிவு இந்த வேறுபாட்டைப் பொறுத்தது என்பதால், இருவேறு ஆற்றலுள்ள எக்ஸ் கதிர்களால் படமெடுக்கும் இரட்டை ஆற்றல் சி.டி. உள்ள இடங்களில் அதன் உதவியால் இரண்டையும் பிரித்தறிகிறார்கள்.

திசுவில் நீர் பரவும் விதத்தைக் காட்டும் எம்.ஆர்.ஐ.யின் டிஃப்யூஷன் படமோ, சி.டி.யில் புலப்படாத சிறு சேதத்தையும் வெண்புள்ளியாகக் காட்டும். அதற்கு நேரம் கூடுதலாகும். பேஸ்மேக்கர் உள்ள சிலருக்கு இயலாது.

சேதத்தின் அளவு மட்டுமே மீட்சியைச் சொல்லிவிடாது என்பதையும் கவனிக்க வேண்டும்: பேச்சுக்குரிய பகுதியிலோ கைகால் அசைவுக்கான நரம்புப் பாதையிலோ விழுந்த சிறு புள்ளி, வேறிடத்துப் பெரிய சேதத்தைவிட அதிகம் முடக்கலாம். ஆகவே மறுநாள் வழக்கமான சோதனைக்குச் சி.டி. போதும், அடைப்பு நீங்கியும் நோயாளி தேறாதபோது எம்.ஆர்.ஐ. எடுப்பதே பொருத்தம் என்பேன்.