ஜெர்மனியில் சொந்தக்காரர் வீடு: தங்குவதா, சாப்பிட்டுக் கிளம்புவதா?

சேலத்தில் பிள்ளையை ஜெர்மனிக்கு மேல்படிப்புக்கு அனுப்புகிற வீடுகளில், விசா வந்த கையோடு ஒரு பேச்சு ஆரம்பித்துவிடும்: அங்கே நம்ம ஆள் யார் இருக்காங்க? தேடினால் யாராவது கிடைத்துவிடுவார்கள். எனக்குக் கிடைத்தவர் அப்பாவின் பெரியம்மா மகனுக்கு மகள். அக்கா முறை. ஊரில் கல்யாண வீடுகளில் பார்த்துச் சிரித்துக்கொண்டதோடு சரி. அவர் கணவரோடும் சின்னப் பையனோடும் ஸ்டுட்கார்ட் பக்கம் இருக்கிறார். நான் படித்தது அங்கிருந்து வெகுதூரம், வடக்கே மாக்டெபுர்க்கில்.

இப்படிப்பட்ட வீட்டுக்கு விடுமுறையில் போக இரண்டு வழி உண்டு. பெட்டியோடு போய் அங்கேயே தங்குவது ஒன்று. அதே ஊரில் யூத் ஹாஸ்டலில் (பயணிகளுக்குக் கட்டில் கணக்கில் வாடகைக்கு விடும் விடுதி) ஒரு கட்டில் எடுத்துக்கொண்டு, ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் வீட்டுக்குப் போய் வருவது இன்னொன்று. ஒரு கிறிஸ்துமஸ் விடுமுறை முழுக்க முதல் வழியில் இருந்தேன், அப்புறம் போனதெல்லாம் இரண்டாவது வழிதான். நான் இரண்டாவது கட்சி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

செலவைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. தங்கினால் மிச்சம், ஹாஸ்டல் என்றால் செலவு. 2024 செப்டம்பரிலிருந்து மாணவர் விசாவுக்கு பிளாக்டு அக்கவுண்டில் (முன்கூட்டியே பணத்தைப் போட்டுவிட்டு மாதாமாதம் கொஞ்சமாக மட்டும் எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு) காட்ட வேண்டிய தொகை வருஷத்துக்கு 11,904 யூரோ. மாதம் 992 யூரோதான் கைக்கு வரும். அதில் வாடகையும் இன்சூரன்சும் போனபிறகு ஹாஸ்டல் கட்டிலுக்குக் கொடுப்பது வலிக்கத்தான் செய்யும். ஜெர்மன் யூத் ஹாஸ்டல்களுக்கு உறுப்பினர் அட்டையும் வேண்டும்.

பயணம் இரண்டுக்கும் ஒன்றுதான். டாய்ச்லாண்ட் டிக்கெட் என்ற நாடு முழுக்கச் செல்லும் மாதப் பாஸில் உள்ளூர், வட்டார ரயில்களில்தான் ஏற முடியும், ஐசிஇ போன்ற வேக ரயிலில் ஏற முடியாது. வடக்கிலிருந்து தெற்கே போக வண்டி மாறி மாறி ஒரு பகல் போய்விடும். இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே, பத்து நாள் இருந்துவிட்டுப் போவோம் என்று மனசு சொல்வது அதனால்தான்.

தங்குவதில் சுகம் இல்லாமல் இல்லை. டிசம்பரில் நாலரை மணிக்கே இருட்டத் தொடங்கிவிடுகிற ஊரில், சீரகம் தட்டிப்போட்ட ரசத்தின் வாசனையோடு ஒரு சாயங்காலம் கழிவது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அந்த வீடு இரண்டே அறை. பையனின் அறையை எனக்குக் கொடுத்துவிட்டு, அவனை அப்பா அம்மாவோடு படுக்க வைத்தார்கள். அவனுடைய டைனோசர் போர்வைதான் எனக்கு. காலையில் கதவை லேசாகத் தள்ளி எட்டிப்பார்ப்பான், நான் அசைந்தால் உள்ளே வந்து தன் பொம்மைகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடிவிடுவான். அவன் அறைக்குள் அவனே விருந்தாளி மாதிரி வந்துபோவதைப் பார்க்க எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

கையில் ஏதாவது வாங்கிவந்து ஈடு கட்டலாம் என்றால் அதற்கும் வழியில்லை. 24ஆம் தேதி மதியத்தோடு கடைகளை மூடத் தொடங்கிவிடுவார்கள். 25, 26 இரண்டும் அரசு விடுமுறை. அடுத்த நாள் ஞாயிறாக அமைந்துவிட்டால் அதுவும் போச்சு. பால் தீர்ந்தாலும் ஓடிப்போய் வாங்கிவர முடியாது. விருந்தாளியாக உட்கார்ந்து சாப்பிடுவதைத் தவிர வேறு வேலை இல்லை. பாத்திரம் துலக்கப் போனால் அக்கா, "நீ போய் உட்காரு, டிஷ்வாஷர் இருக்கு" என்பார்.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடியதுதான். என்னைக் கட்சி மாற வைத்தது வேறு. அங்கே நான் தங்கிய கணக்கை யார் தீர்ப்பது என்ற விஷயம்.

அக்கா எதையும் எதிர்பார்க்கவில்லை. கணக்கு எழுந்தது சேலத்தில். அக்காவின் பெற்றோர், அதாவது பெரியப்பாவும் பெரியம்மாவும், அம்மாபேட்டையில் இருக்கிறார்கள். அவர்கள் வீடு கட்டிப் பால் காய்ச்சியபோது, செய்முறை என்ன செய்வது என்று எங்கள் வீட்டில் ஒரு வாரம் பேச்சு. சாதாரணமாக இவ்வளவு தூரத்துச் சொந்தத்துக்கு மொய்க் கவரோடு முடிந்திருக்கும். அம்மா விடவில்லை. "புள்ள அவங்க பொண்ணு வீட்டுல இருந்து சாப்பிட்டுட்டு வந்திருக்கா. நாம பேருக்கு மொய் எழுதிட்டு வந்தா நல்லாவா இருக்கும்?" செவ்வாய்பேட்டைக்குப் போய் வெள்ளிக் குத்துவிளக்கு ஒரு ஜோடி வாங்கினார்கள். வெள்ளி விற்கிற விலையில் அது ஹாஸ்டல் வாடகையை விட அதிகம். நான் மிச்சம் பிடித்ததாக நினைத்ததை அப்பா கட்டினார், அவ்வளவுதான். அந்த விளக்குக்கு அவர்கள் இனி எங்கள் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்ய வேண்டும், அதற்கு நாங்கள். ஒருமுறை தொடங்கினால் இது நிற்காது.

அடுத்தது பை. தங்கிவிட்டு வந்தவர்கள் ஊருக்கு வந்தால், திரும்பும்போது இரண்டு வீட்டுக்கும் பொதுவான தபால்காரர் ஆகிவிடுவார்கள். பெரியம்மா தட்டுவடை, மிளகாய்ப்பொடி, வடகம் எல்லாம் கட்டிக்கொண்டு வந்து, "கண்ணு, அக்காவுக்கு இத மட்டும் குடுத்துரு" என்பார். 23 கிலோ பெட்டியில் பாதி அதற்கே போகும். சீசனில் போனால் இன்னும் மோசம், குண்டு மாம்பழம் வந்து நிற்கும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் கொண்டுபோகக்கூடிய பழங்கள் ஐந்தே ஐந்து: அன்னாசி, தேங்காய், துரியன், வாழைப்பழம், பேரீச்சம்பழம். 2019 டிசம்பரிலிருந்து இதுதான் சட்டம். நெய், பால்கோவா போன்ற பால் பொருட்களுக்கும் தடை. வாழைப்பழத்தை விடுவான், மாம்பழத்தை விடமாட்டான் என்று சேலத்துக்காரரிடம் சொல்லிப் பாருங்கள். எடுத்துப்போக மனசில்லாமல் நான் கதை விடுவதாகப் பெரியம்மா இன்றுவரை நினைக்கிறார் என்று எனக்குச் சந்தேகம். டைனோசர் போர்வையில் தூங்கிவிட்டு, "பை வேண்டாம் பெரியம்மா" என்று சொல்லவும் வாய் வரவில்லை.

ஒரு வேளைச் சாப்பாட்டில் இந்தச் சிக்கல் இல்லை. ஏற்காட்டு மிளகு ஒரு பொட்டலம், பையனுக்குப் புதிர் அட்டைப் பெட்டி ஒன்று. கொடுத்தேன், சாப்பிட்டேன், அவனோடு தரையில் உட்கார்ந்து விளையாடினேன். இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது என்ற ஊர் வழக்கம் வருவதற்குள் கிளம்பிவிட்டேன். அது எனக்கும் அக்காவுக்குமான கணக்காகவே நின்றது. அம்மாபேட்டைக்கும் எங்கள் வீடு இருக்கிற அஸ்தம்பட்டிக்கும் அது போகவில்லை. இன்னொன்றும் கவனித்தேன். தங்கியிருந்தபோது அக்கா நாள் முழுக்க சமையலறையில் இருந்தார். சாப்பாட்டுக்கு மட்டும் போனபோதுதான் உட்கார்ந்து பேசினார். அவருக்கு அந்த ஊரில் பிடிக்காதது என்ன, திரும்பி வரலாமா என்று எப்போதெல்லாம் தோன்றுகிறது என்பதெல்லாம் அப்போது கேட்டதுதான்.

மூன்றாவதாக, அவர்களை நாம் படிக்கிற ஊருக்குக் கூப்பிடலாம் என்று சிலர் சொல்வார்கள். மாணவர் விடுதியின் ஒற்றை அறைக்குக் குழந்தையோடு ஒரு குடும்பமா? விடுங்கள்.

நான் பார்த்தது ஒரே ஒரு வீடு, அதுவும் சின்னக் குழந்தை உள்ள சின்ன வீடு. தனி அறை உள்ள பெரிய வீடு, தனியாக இருக்கும் வயதானவர் என்றால் தங்குவதே நல்லதாக இருக்கலாம். படிக்கப்போய் இறங்கியதும் அறை கிடைக்காமல் நிற்பவருக்கு இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாது, நேராகச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட வேண்டும். லண்டன் சொந்தங்கள் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். ஜெர்மன் குடியிருப்பு அட்டையோடு பாரிசுக்குப் போகலாம், 180 நாளில் 90 நாள் வரை இருக்கலாம். லண்டனுக்கோ தனி விசா வேண்டும். அந்தப் பணத்தைக் கட்டிவிட்டு ஒரு வேளை சாப்பிட்டுத் திரும்ப எனக்கே மனசு வருமா தெரியவில்லை.

ஹாஸ்டலில் தங்குவதாகச் சொன்னால் அவர்கள் மனசு நோகுமே என்பதுதான் பெரும்பாலானவர்களைத் தடுக்கிறது. எனக்கு வேலை செய்தது வரிசைதான். முதலில் ஹாஸ்டலை உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு அக்காவுக்குப் போன்: "கூடப் படிக்கிறவங்களோட வர்றேன்க்கா, தங்க ஏற்பாடு ஆயிடுச்சு. ஞாயித்துக்கிழமை மதியம் சாப்பாட்டுக்கு உங்க வீட்டுக்கு வரட்டுமா?" ஞாயிறு கடைகள் இல்லாததால் அவர்களும் வீட்டில்தான் இருப்பார்கள். மிளகை வெள்ளிக்கிழமையே பையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் அம்மாவிடம் மட்டும் போய்விட்டு வந்தபிறகு சொன்னால் போதும். முன்னாலேயே சொன்னால் அது அன்றைக்கே அம்மாபேட்டைக்குப் போய்விடும், அக்கா போனை எடுப்பதற்குள் உங்களுக்குப் படுக்கை விரித்தாகிவிடும்.