வயல் சோதனையா, பொது வெளியீடா? இரண்டு அனுமதிகள்

ஆடி மாதம் டர்பனில் மாரியம்மனுக்கு நாம் காய்ச்சும் கஞ்சிக்குப் பெரும்பாலும் மக்காச்சோள மாவுதான். அந்தச் சோளத்தில் மரபணு மாற்றிய ரகம் நிறைய. அதனால் மரபணு மாற்றிய பயிர்களுக்கு அரசு தரும் வயல் சோதனை, பொது வெளியீடு என்ற இந்த இரண்டு அனுமதிகளும் நம் வீட்டு விஷயம்.

தென்னாப்பிரிக்காவில் இரண்டுமே மரபணு மாற்றிய உயிரினங்களுக்கான 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருபவை. ஆலோசனைக் குழு அறிவியலைப் பார்க்கும். பல அரசுத் துறைகளின் அதிகாரிகள் அமர்ந்த நிர்வாகக் குழு முடிவெடுக்கும். இரண்டுக்கும் முன் செய்தித்தாளில் அறிவிப்பு வர வேண்டும்.

வயல் சோதனை அனுமதி குறிப்பிட்ட இடத்துக்கு மட்டும். மகரந்தம் பக்கத்து வயலுக்குப் போகாமல் இடைவெளி விட வேண்டும், விளைச்சல் சந்தைக்குப் போகக்கூடாது, அறுவடைக்குப் பிறகும் தானாக முளைப்பதைக் கண்காணிக்க வேண்டும். பொது வெளியீடு கிடைத்துவிட்டால் விதை கடைக்கு வரும், நம் தட்டுக்கும் வரும்.

சரி, சோதனை முடிந்தால் அடுத்தது தானாகக் கிடைத்துவிடுமா? இல்லை. அந்துப்பூச்சியை எதிர்க்கும் உருளைக்கிழங்கைப் பல ஆண்டுகள் வயலில் சோதித்தார்கள்; 2009இல் பொது வெளியீட்டை மறுத்துவிட்டார்கள். அந்த மறுப்பு எனக்கு நம்பிக்கை தருகிறது.

என்னைக் கேட்டால், கருத்துச் சொல்ல வேண்டிய நேரம் சோதனைக் கட்டம்தான். அப்போது செடி இன்னும் வேலிக்குள் இருக்கிறது.