க்ரீம் இல்லாத க்ரீம் சூப்: தேங்காய்ப்பாலா, முந்திரியா, பீன்ஸே போதுமா?

காய்கறியும் உலர்ந்த வெள்ளை பீன்ஸும் (பச்சைக் காயல்ல, விதை) போட்ட சூப்பை, பாலோ வெண்ணெயோ க்ரீமோ தொடாமல் கெட்டியாக, வழவழப்பாகக் கொண்டுவர வீட்டில் நாலு வழி இருக்கிறது. தேங்காய்ப்பால் ஊற்றலாம். முந்திரியை ஊறவைத்து அரைத்துக் கலக்கலாம். உருளைக்கிழங்கோ ஓட்ஸோ சேர்த்து மாவுச்சத்தால் கெட்டிப்படுத்தலாம். எதுவும் வேண்டாமென்றால், சூப்பில் ஏற்கெனவே கிடக்கிற பீன்ஸில் ஒரு பங்கை அள்ளி அரைத்து அதிலேயே திரும்ப விட்டுவிடலாம். நாலையும் மாற்றி மாற்றிச் செய்த பிறகு இப்போது என் அடுப்பில் நிலைத்திருப்பது கடைசி வழிதான். அதனால் இதை நடுநிலைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சுவை, சத்து, செலவு பற்றிச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். தேங்காய்ப்பால் எதில் விழுந்தாலும் அது தேங்காய்ப்பால் சூப்தான். பூசணி, கேரட், சர்க்கரைவள்ளி மாதிரி இனிப்பு ஓடும் காய்களோடு அழகாகச் சேரும். முட்டைக்கோஸ், செலரி, காளான் பக்கம் போனால் ஒட்டாமல் தனியே நிற்கும். முந்திரிதான் பால் க்ரீமுக்கு மிக அருகில் வருவது, அதில் வாதமே இல்லை. ஆனால் விலை கூடுதல். சாப்பிடுகிறவர்களில் ஒருவருக்குக் கொட்டை ஒவ்வாமை இருந்தாலும் அந்தப் பேச்சே எடுக்க முடியாது. சத்தைப் பார்த்தால், கெட்டித் தேங்காய்ப்பாலில் ஏறத்தாழ 20 சதவீதம் கொழுப்பு, அதிலும் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு. வெந்த வெள்ளை பீன்ஸ் 100 கிராமில் 8 முதல் 10 கிராம் வரை புரதம், 6 கிராமுக்குக் குறையாத நார்ச்சத்து. கொழுப்பு ஒரு கிராம்கூட இல்லை. உருளைக்கிழங்குதான் இருப்பதிலேயே மலிவு. இவ்வளவு போதும், இதை வைத்து மட்டும் யாரும் முடிவெடுக்கப் போவதில்லை.

நான் முடிவெடுத்தது வேறொன்றை வைத்து: அடுத்த நாள் அந்தச் சூப் எப்படி இருக்கிறது என்பது. இந்த மாதிரி சூப்பை யாரும் ஒரு கிண்ணத்துக்காகச் செய்வதில்லை. ராத்திரி பீன்ஸ் ஊறவைத்து, காலையில் வேகவைத்து, காய் நறுக்கி வதக்கி என்று இவ்வளவு மெனக்கெட்டால் பெரிய பாத்திரமாகத்தான் வைப்போம். பாதி அன்றைக்கு, மீதி ஃப்ரிட்ஜுக்கு. மூன்று நாள் வரை எடுத்து எடுத்துச் சூடாக்குவோம். முதல் நாள் சாயங்காலம் நாலு சூப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நாலுமே நன்றாகத்தான் இருக்கும். சாயம் வெளுப்பது மறுநாள்தான்.

முதலில் தேங்காய்ப்பால். அது கொழுப்புத் துளிகள் நீரில் மிதக்கிற கலவை. அந்தத் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடாமல் பிடித்துவைப்பது அதிலிருக்கும் கொஞ்சம் புரதம். அந்தப் புரதம் சூட்டுக்குத் தாங்காது. சூப் தளதளவென்று கொதித்தால் பிடி விட்டுப்போகும். ஃப்ரிட்ஜில் வைத்த பாத்திரத்தைத் திறந்தால் மேலே வெள்ளையாக ஓர் ஏடு இறுகியிருக்கும், ஏனென்றால் தேங்காய்க் கொழுப்பு 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறைந்துவிடும். அடுப்பில் வைத்ததும் அந்த ஏடு உருகி மினுமினுவென்று எண்ணெய்க் கண்களாகப் பிரியும். அடியில் பொடிப் பொடியாகத் திரிதிரியாய் ஏதோ மிதக்கும். தக்காளியோ எலுமிச்சையோ சேர்த்திருந்தால் இன்னும் சீக்கிரம் திரியும். டப்பாவில் வருகிற பாலில் பெரும்பாலும் குவார் கம் மாதிரி நிலைப்படுத்திகள் இருப்பதால் அது கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். திரிந்தாலும் ருசி கெடுவதில்லை, பிளெண்டரை ஒரு சுற்றுச் சுற்றினால் ஓரளவு சேர்ந்தும்விடும். ஆனால் ஒவ்வொரு வேளைக்கும் அந்த வேலை இருக்கிறது.

முந்திரி அவ்வளவு சுலபமாகத் திரியாது. கொழுப்போடு கூடவே மாவுச்சத்தும் புரதமும் கணிசமாக இருப்பதால் எல்லாம் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். அதன் தொல்லை வேறு மாதிரி: சூடு ஏற ஏற இறுகும், அடி பிடிக்கும். மறுநாள் சூடாக்கும்போது அடுப்பை விட்டு நகர முடியாது. சின்னத் தீயில் வைத்துக் கரண்டியால் அடியைச் சுரண்டிக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொன்று, முந்திரியின் மந்தமான இனிப்பு மற்ற ருசியை எல்லாம் அமுக்கிவிடும். முதல் நாள் சரியாக இருந்த உப்பும் புளிப்பும் மறுநாள் நாக்கில் படவே படாது. மிக்ஸி கொஞ்சம் பழையதென்றால், வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்த முந்திரிகூட நறநறப்பை விடாது.

உருளைக்கிழங்கு, வெந்தபின் மிக்ஸியின் வேகத்தில் மாட்டினால் மாவுச்சத்துத் துகள்கள் உடைந்து பசையாகிவிடும். கையால் மசித்துப் போட்டால் பரவாயில்லை, ஆனால் அதில் வழவழப்பு வராது. ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் நீர் தனி, பஞ்சு மாதிரி கிழங்கு தனி. ஓட்ஸை நான் அதிகம் கையாண்டவன் இல்லை, அதனால் என் பேச்சுக்கு அங்கே எடை குறைவு. ஒரு பாத்திரத்துக்கு இரண்டு தேக்கரண்டிக்குள் நிறுத்தினால் நல்ல கெட்டித்தன்மை கொடுக்கிறது. தாண்டினால் அதிலுள்ள பீட்டா குளுக்கான் என்ற நார்ச்சத்து ஒரு வழுக்கலைக் கொண்டுவந்துவிடுகிறது. சிலருக்கு அது பிடிக்கும்.

இனி பீன்ஸ். பீன்ஸின் மாவுச்சத்தில் அமைலோஸ் அதிகம். ஆறினால் நன்றாக இறுகிவிடும் வகை அது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தால் சூப் என்றே தோன்றாது. கரண்டியைக் குத்தினால் அப்படியே நிற்கும். முதல்முறை பார்க்கிறவர் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தால் ஆச்சரியமில்லை. அரை டம்ளர் வெந்நீர் விட்டு, மிதமான தீயில் வைத்து, கட்டிகளைக் கரண்டியின் முதுகால் அழுத்திக் கலக்க வேண்டும். இரண்டு மூன்று நிமிடத்தில் இளகி முதல் நாள் பதத்துக்கே வந்து நிற்கும். திரிவதற்கு அதில் மிதக்கிற கொழுப்பு இல்லை. கொதித்தாலும் கவலையில்லை, எலுமிச்சை பிழிந்தாலும் ஒன்றும் ஆகாது. உறையவைத்து எடுத்தாலும் ஒரு கலக்குக் கலக்கினால் சேர்ந்துகொள்ளும். ருசி முதல் நாளைவிட இரண்டாம் நாள் கூடியிருக்கும் என்பது என் கட்சி. பூண்டும் வாசனை இலைகளும் உள்ளே இறங்க நேரம் கிடைப்பதால் இருக்கலாம்.

குறைகளும் இருக்கின்றன. முதல் குறை, பீன்ஸ் நிஜமாகவே வெந்திருக்க வேண்டும். ‘வெந்தது’ என்று நாம் சாலட்டுக்கு எடுக்கும் பதம் இங்கே போதாது. ஒன்றை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நசுக்கினால், நடுவில் மணல் மாதிரி ஒரு பொட்டுகூட உறுத்தாமல் வெண்ணெயாகப் பரவ வேண்டும். அந்தப் பொட்டு இருந்தால் மிக்ஸியில் எவ்வளவு ஓட்டினாலும் சூப்பில் அது தெரியும். பீன்ஸ் வேகாமல் அடம்பிடிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் மூன்று: ரொம்ப நாள் கிடந்த பழைய பீன்ஸ், கால்சியம் மிகுந்த கடின நீர், முன்கூட்டியே போட்ட தக்காளி. கால்சியமும் புளிப்பும், பீன்ஸின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டினைக் கரையவிடாமல் காக்கின்றன. அதனால் தக்காளி, எலுமிச்சை எல்லாம் பீன்ஸ் மசிந்த பிறகுதான். உப்புப் போட்டால் பீன்ஸ் வேகாது என்று பலருக்கு ஓர் எண்ணம் உண்டு. உண்மையில் ஊறவைக்கும் நீரில் உப்புப் போட்டால் தோல் மென்மையாகவே வேகும். சோடியம் போய்க் கால்சியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆப்பச்சோடாவும் வேகவைக்கும்தான், ஒரு சிட்டிகைக்கு மேல் போனால் சோப்பு வாடை வரும், தயமின் என்ற பி1 வைட்டமினும் வீணாகும்.

இரண்டாவது குறை தோல். கையில் பிடிக்கும் பிளெண்டரை நேரே பாத்திரத்தில் விட்டால் தோல் துணுக்குகள் மிஞ்சும். எனக்கு அது உறுத்துவதில்லை. உறுத்துமென்றால் மிக்ஸி ஜாரில் இரண்டு நிமிடம் நிறுத்தாமல் ஓட்டலாம், அல்லது வடிகட்டியில் தேய்த்து எடுக்கலாம். சூடாக இருப்பதை ஜாரில் பாதிக்கு மேல் ஊற்றக் கூடாது. ஆவி மூடியைத் தூக்கி எறிந்துவிடும்.

மூன்றாவதுதான் பெரியது. முந்திரிக் கட்சிக்காரர்கள் சொல்லும் குற்றச்சாட்டு இதுதான், அதில் நியாயமும் இருக்கிறது: பீன்ஸ் விழுது கெட்டியைத் தரும், செழுமையைத் தராது. நாக்கில் படர்ந்து வாசனையைத் தாங்கி நிற்கக் கொழுப்பு வேண்டும், பீன்ஸில் அது இல்லை. இதற்கு நான் செய்வது, அரைக்கும்போது மிக்ஸி ஓடிக்கொண்டிருக்கையிலேயே மூடித் துளை வழியாக இரண்டு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெயை நூலாக விடுவது. வாசனை அடிக்காத வேறு எண்ணெயும் சரி. பழுப்பு கலந்த விழுது கண்முன்னே வெளுத்துப் பளபளப்பாகும். எண்ணெய் பொடித்துளிகளாகச் சிதறி ஒளியைச் சிதறடிப்பதால் வருகிற வெண்மை அது. பாலின் வெண்மைக்கும் அது ஒரு காரணம். இவ்வளவு எண்ணெயைப் பீன்ஸின் புரதமும் மாவுச்சத்தும் தாராளமாகப் பிடித்துவைத்துக்கொள்ளும், மறுநாளும் பிரியாது. இதைச் செய்யாமல் ஒப்பிட்டால் முந்திரிதான் ஜெயிக்கும்.

அளவு என்று கேட்டால்: ஒரு கப், அதாவது சுமார் 200 கிராம் உலர்ந்த வெள்ளை பீன்ஸ் வெந்தால் இரண்டரை முதல் மூன்று கப் வரும். மூன்றில் ஒரு பங்கை, வெந்த நீர் ஒரு கப்போடு சேர்த்து அரைத்தால் போதும்; மீதி முழுதாகவே கிடக்கட்டும், கடித்துச் சாப்பிட ஏதாவது வேண்டும். பாதிக்கு மேல் அரைத்தால் சூப் போய்க் களியாகிவிடும். ஊறவைத்த நீரைக் கொட்டிவிட வேண்டும், வயிற்றில் வாயு சேர்க்கும் சர்க்கரைகளில் கொஞ்சம் அதோடு போகும். வெந்த நீரைக் கொட்டவே கூடாது. மாவுச்சத்தும் புரதமும் அதில்தான் கரைந்திருக்கின்றன. கொண்டைக்கடலை வெந்த நீரை முட்டை வெண்கரு மாதிரி நுரைக்க அடிக்க முடிவதே அதனால்தான். வெங்காயம், கேரட், செலரியை அவசரப்படாமல் ஓரம் சிவக்கும்வரை வதக்கியிருந்தால் கடையில் வாங்கும் சூப் ருசிக் கட்டி (ஸ்டாக் க்யூப்) எதுவும் தேவைப்படாது, இந்த நீரே போதும். கீரை வகை கடைசி ஐந்து நிமிடத்தில்.

பாதுகாப்பு விஷயம் ஒன்றில் மட்டும் சலுகை கிடையாது. ராஜ்மாவிலும், குறைந்த அளவில் அதன் வெள்ளை வகையிலும் லெக்டின் என்ற நச்சுப் புரதம் இருக்கிறது. குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, நீரை மாற்றி, 30 நிமிடமாவது கொதிக்கவிட வேண்டும் என்கிறது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம். கொதிநிலைக்குப் போகாத ஸ்லோ குக்கரில் பச்சையாகப் போட்டு விடுவது ஆபத்து. அரைகுறைச் சூடு நச்சைக் குறைப்பதற்குப் பதில் கூட்டிவிடலாம். பிரஷர் குக்கரில் வேகவைத்தால் 100 டிகிரியைத் தாண்டிவிடும், அங்கே பயமில்லை. டப்பா பீன்ஸ் ஏற்கெனவே வெந்தது. கழுவிவிட்டு நேரே அரைக்கலாம்.

எந்த இடத்தில் நான் பீன்ஸை விட்டு விலகுவேன்? பூசணியும் இஞ்சியும் போட்டு, அன்றைக்கே தீர்ந்துவிடும் அளவில் செய்தால் தேங்காய்ப்பாலைக் கடைசியில் ஊற்றிக் கொதிக்கவிடாமல் இறக்குவேன். அதை பீன்ஸால் ஈடுகட்ட முடியாது. விருந்தாளிகளுக்கு, ஒரே வேளைக்கு என்றால் பீன்ஸோடு ஒரு கைப்பிடி முந்திரியும் சேர்த்து அரைப்பேன். அடி பிடிக்கும் தொல்லை அந்த அளவில் பெரிதாக இல்லை. சோயாப்பால் தக்காளி சேர்ந்த சூப்பில் திரிகிறது, அதனால் அந்தப் பக்கம் போவதில்லை. சில்க்கன் டோஃபு என்ற மிருதுவான சோயாப் பன்னீரை நல்லது என்று சொல்கிறவர்கள் உண்டு. ஒரு தடவை அரைத்து விட்டுப் பார்த்ததில் பதம் பிடித்திருந்தது, மூன்று நாள் வைத்துப் பார்த்ததில்லை.

ஃப்ரீசருக்குப் போகிற பங்கில் உருளைக்கிழங்குத் துண்டுகளும் கீரையும் இல்லாமல் பார்த்துக்கொள்வது நல்லது. டப்பாவில் மேலே இரண்டு விரல் இடம் விட்டு மூடி வைத்து, முந்தின ராத்திரியே ஃப்ரிட்ஜுக்கு இறக்கிவிட்டால் காலையில் இளகியிருக்கும். எலுமிச்சையும் மிளகுத்தூளும் சூடாக்கிய பிறகு.