துபாய் மால்களில் என் ஓட்டு இப்னு பதூதாவுக்கே

டிசம்பரில் ஐந்து நாள் துபாய் போய் வந்தோம். நான், கணவர், 9 வயது மகன், 71 வயது அம்மா. அம்மா மதுரையில் சரித்திர டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். முழங்கால் வலி உண்டு. அதனால் மால் என்றாலே எனக்கு முதல் கவலை நடைதான். பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

புர்ஜுமான் மெட்ரோ ஸ்டேஷன் பக்கத்தில் தங்கினோம். அது நல்ல முடிவு. நாங்கள் பார்த்த துபாய் மால், மால் ஆஃப் தி எமிரேட்ஸ், இப்னு பதூதா மால் மூன்றும் மெட்ரோவின் சிவப்புப் பாதையிலேயே வருகின்றன. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனிப் பெட்டி இருக்கிறது. அம்மாவும் நானும் மகனும் அதில் ஏறிக்கொள்வோம், கணவர் அடுத்த பெட்டியில் வருவார்.

முதல் நாள் துபாய் மால். ஸ்டேஷனில் இறங்கியதும் மால் வந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அங்கிருந்து 820 மீட்டர் நீளத்துக்கு ஏசி போட்ட மேம்பாலம். இடையிடையே நகரும் நடைபாதை இருந்தாலும் அம்மாவுக்கு உள்ளே நுழையும்போதே கால் கடுத்துவிட்டது. விசாரணை மேசையில் சக்கர நாற்காலி கேட்டோம், உடனே கொடுத்தார்கள். முதலில் வேண்டாம் என்ற அம்மா, அரை மணி நேரத்தில் "இது இல்லாம இந்த ஊரைச் சுத்த முடியாதுடி" என்று சொல்லிவிட்டார். 1,200க்கும் மேற்பட்ட கடைகள். நாங்கள் ஐந்தாறு கடைக்குள்தான் போயிருப்போம். பார்க்க வேண்டியவை கடைக்கு வெளியேதான் இருக்கின்றன. 1 கோடி லிட்டர் தண்ணீர் நிற்கும் மீன் தொட்டி அதில் முதல். டிக்கெட் வாங்கி உள்ளே போகலாம். ஆனால் முன்பக்கக் கண்ணாடி 32.88 மீட்டர் அகலம், 8.3 மீட்டர் உயரம். மாலில் நடக்கிற யாரும் காசில்லாமல் நின்று பார்க்கலாம். சுறாவும் திருக்கையும் தலைக்கு நேரே போவதை மகன் முக்கால் மணி நேரம் அசையாமல் பார்த்தான். அது போதும் என்று டிக்கெட் எடுக்கவில்லை. வருத்தமும் இல்லை. இருட்டியதும் வெளியே வந்து புர்ஜ் கலீஃபா அடியில் நீரூற்று ஆட்டம் பார்த்தோம். மாலையில் அரை மணிக்கு ஒருமுறை நடந்தது. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததைப் பிடிக்கலாம், முண்டியடிக்க வேண்டாம்.

மால் ஆஃப் தி எமிரேட்ஸ் மகனுக்காகப் போனது. உள்ளேயே பனிமலை வைத்திருக்கிறார்கள், பூஜ்ஜியத்துக்குக் கீழே ஒன்றிரண்டு டிகிரி. கோட்டும் பூட்ஸும் டிக்கெட்டோடு சேர்த்தி. கையுறையை மட்டும் ஊரிலிருந்தே கொண்டு போங்கள். அம்மாவும் நானும் கண்ணாடிக்கு இந்தப்பக்கம் உட்கார்ந்து பார்த்தோம். நன்றாக இருந்தது, அரை நாள் போதும்.

சரி, நான் சொல்ல வந்தது இப்னு பதூதா மால் பற்றி.

பலர் இதைத் தள்ளிவிடுகிறார்கள், ஊருக்கு ஒதுக்குப்புறம் என்று. புர்ஜுமானிலிருந்து மெட்ரோவில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது உண்மைதான். ஜபல் அலி ஸ்டேஷனில் பாதை இரண்டாகப் பிரிகிறது, வண்டி எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து ஏறுங்கள். இந்த மால் 2005இல் திறந்தது. 1325இல் மொராக்கோவின் டாஞ்சியர் ஊரிலிருந்து 21 வயதில் கிளம்பி, ஏறக்குறைய முப்பது வருஷம் ஊர் ஊராகச் சுற்றிய பயணிதான் இப்னு பதூதா. அவர் பார்த்த உலகத்தை ஆறு முற்றங்களாகக் கட்டியிருக்கிறார்கள்: அந்தலூசியா (அன்றைய முஸ்லிம் ஸ்பெயின்), துனிசியா, எகிப்து, பாரசீகம், இந்தியா, சீனா. எல்லாம் தரைமட்டத்திலேயே நீளவாக்கில் போகிறது. படியேற வேண்டாம். இது அம்மாவுக்குப் பெரிய நிம்மதி.

பாரசீக முற்றத்துக் குவிமாடத்தின் கீழ் காபிக் கடை இருக்கிறது. ஒரு காபி வாங்கிக்கொண்டு உட்கார்ந்து அண்ணாந்து பாருங்கள். நீலமும் பொன்னுமாக, கையால் தீட்டிய வேலைப்பாடு. அம்மா அங்கே கழுத்து வலிக்கும்வரை பார்த்தார்.

அடுத்து இந்திய முற்றம். நடுவில் யானைக் கடிகாரம் நிற்கிறது. அல் ஜசரி என்ற பொறியாளர் 1206இல் எழுதி வைத்த வடிவமைப்பைப் பார்த்துச் செய்தது. யானையின் வயிற்றுக்குள் தண்ணீர்த் தொட்டி, அதில் அடியில் ஓட்டை போட்ட கிண்ணம் மிதக்கும். தண்ணீர் மெல்ல ஏறி, அரை மணியில் கிண்ணம் மூழ்கும். அந்த இழுப்பில் மேலே உள்ள பொம்மைகள் அசையும். நான் பலகையில் இருந்ததைப் படித்துச் சொல்லி முடிக்கவில்லை, அம்மா குறுக்கிட்டார்: "அட, இது நம்ம நாழிகை வட்டில்தானே!" ஓட்டைக் கிண்ணம் மூழ்குவதை வைத்து 24 நிமிஷ நாழிகையைக் கணக்கிட்ட நம் பழைய முறையை அங்கேயே பேரனுக்கு விளக்க ஆரம்பித்துவிட்டார்.

அப்புறம் அவர் சொன்ன கதை எனக்கே புதுசு. இந்த இப்னு பதூதா 1340களில் மதுரைக்கு வந்திருக்கிறார். இலங்கையிலிருந்து வந்த கப்பல் நம் கரைப் பக்கம் உடைந்து, அங்கிருந்து அப்போது மதுரையை ஆண்ட சுல்தானிடம் போனாராம். இரண்டு பேரும் அக்கா தங்கையைக் கட்டியவர்கள், அதாவது சகலை! இப்னு பதூதா மதுரையில் பார்த்தது கொள்ளைநோய். சுல்தானின் கொடுமைகளையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். "நம்ம ஊருக்கு வந்த மனுஷன் பேர்ல இவ்ளோ பெரிய கட்டடம்" என்று அம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். சக்கர நாற்காலி அன்றைக்குக் கேட்கவே இல்லை.

சீன முற்றத்தில் ஒரு பெரிய மரக்கப்பல் நிற்கிறது. மகனின் போட்டோ எல்லாம் அங்கேதான். மதியச் சாப்பாட்டுக்கு மாலின் சூப்பர் மார்க்கெட்டில் குபூஸ் ரொட்டியும் லபனும் வாங்கினோம். லபன் நம் மோரேதான், கொஞ்சம் கெட்டி.

கடைசியாக ஒரு விஷயம். சுற்றுலா வந்தவர்கள் 250 திர்ஹமுக்கு மேல் வாங்கினால் 5 சதவீத வரியில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும். ஆனால் பில் போடும்போதே பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதிந்துகொள்ள வேண்டும். 1,900 திர்ஹமுக்கு நாங்கள் வாங்கிய ஒரு கடையில், விமான நிலையத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று அனுப்பிவிட்டார்கள். அங்கே போனால் ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். எழுபது திர்ஹம் சொச்சம் போயிற்று. வரித் திரும்பப் பெறப் பதிந்துவிட்டார்களா என்று கேட்டுவிட்டே கடையை விட்டு வெளியே வாருங்கள்.

இன்னொரு முறை போனால் இப்னு பதூதாவுக்குக் காலையிலேயே போய்விடுவோம். அந்தலூசியா முற்றத்தின் சிங்க நீரூற்றை அவசரத்தில் பார்த்தது அம்மாவுக்குக் குறையாகவே இருக்கிறது.